வெறுந்தலையோடு பதினோரு நொடி

— நிறுத்து. அங்கயே நிறுத்து. கொஞ்சம் பின்னாடி போ.

— இப்பத்தான்மா மூணு நிமிஷம் ஓடியிருக்கு. அஞ்சு நிமிஷத்தையும் பாத்துட்டுச் சொல்லேன்.

— லிஃப்டுல ஒரு சத்தம் கேட்டா, பத்தாவது மாடி வரைக்கும் போயிட்டா நிறுத்துவாங்க? பின்னாடி போ. லேப்டாப்பை என் பக்கம் திருப்பு. ஆங், இது. லிஃப்ட் கூண்டு மேல நிக்கறது யாரு?

— நீதான்.

— தலையில என்ன இருக்கு?

— முடி.

— விளையாடாதடி. ஹெல்மெட் எங்க?

— உன் கையில.

— இருபத்திரண்டு வருஷமா லிஃப்ட் மெக்கானிக்கா இருக்கேன். ஒரு நாளாவது வெறுந்தலையோட கூண்டு மேல ஏறியிருக்கேனா?

— ஒரு நாள் ஏறியிருக்க. அதுக்குத்தான் இதோ சாட்சி இருக்கே.

— இயக்குநரே, ஓர் ஐயம். இந்தப் படத்தில் இவ்வீட்டுத் தலைவருக்கு எத்தனை நொடி ஒதுக்கியிருக்கிறீர்கள்?

— ரெண்டுப்பா. அம்மா கிளம்பும்போது சாப்பாட்டு டப்பாவை நீட்டற கை உங்களோடது.

— கை மட்டுமா! இத்தனை ஆண்டு அடுப்படியில் நின்று வெந்தவனுக்குக் கிடைத்தது ஒரு கை!

— குறும்படப் போட்டிக்குத் தலைப்பே ‘உழைக்கும் கைகள்’தான்பா.

— நீங்க சும்மா இருங்க. ஏன்டி, திங்கக்கிழமையிலேர்ந்து நான் யாரு?

— கம்பெனியோட பாதுகாப்புப் பயிற்சி ஆசிரியை. நம்ம தெரு முழுக்க அப்பா சொல்லி முடிச்சாச்சு.

— பக்கத்துத் தெருவில் இன்னும் நான்கு வீடுகள் மீதம் இருக்கின்றன.

— முப்பது புது ஆளுங்க முன்னாடி நின்னு, ‘ஹெல்மெட் போடாம உள்ள கால் வைக்காதே’ன்னு சொல்லப்போறவ நான். பரிசு வாங்கற படத்தைப் பெரிய அரங்கத்துல போட்டுக் காட்டுவாங்கன்னு நீதானே சொன்ன? எங்க மேலாளர் கண்ணுல இது ஒரு தடவை பட்டாப் போதும். அந்த வேலை எனக்கில்ல.

— இல்லதான். எனக்கும் தெரியும்.

— தெரிஞ்சுமா வெச்ச?

— அன்னிக்கு ஏன் கழட்டினன்னு ஞாபகம் இருக்காம்மா?

— இல்லாம என்ன?

— நான் வெளியே கதவோரம் நின்னு, ‘முகம் நிழல்ல மறையுதும்மா’ன்னேன். கழட்டச் சொல்லல. சத்தியமாச் சொல்லல.

— சொல்லல. நீ அரை மணி நேரமாக் கேமராவைப் பிடிச்சுக்கிட்டுக் கால் கடுக்க நின்ன. முகம் தெரியலன்னப்ப உன் குரல் அப்படியே இறங்கிப் போச்சு. மெயினை அணைச்சுப் பூட்டுப் போட்டேன், பெல்ட்டை மாட்டினேன், எல்லாத்தையும் ரெண்டு தரம் பாத்தேன். இது ஒண்ணுல மட்டும் கை என்னைக் கேக்காமப் போயிடுச்சு.

— தொழிலாளியின் கையும் தாயின் கையும் ஒன்றாகவே அமைந்துவிட்டால் வருகிற சிக்கல் இது, அம்மணி.

— இப்ப ஹெல்மெட்டை மறந்துட்டுப் பாரேன்மா. பதினோரு செகண்டுதான். முடியைப் பாக்காத, அதுக்குக் கீழ பாரு. ஓட விடறேன்.

— ஓட விடு... அட. நான் இப்படியா சிரிப்பேன்?

— வேலையில இப்படித்தான் சிரிக்கற. நாலு நாள் கூடவே சுத்தினப்புறம்தான் எனக்கே தெரிஞ்சுது. வீட்டுக்கு வர்றது பாதி தூங்கிட்டே வர்ற அம்மா.

— நெத்தியில கிரீஸ் வேற.

— அது அணிகலன், அம்மணி.

— இன்னொரு தடவை போடு.

— சரி.

— இன்னும் ஒரு தடவை. ம். போதும். இதை எத்தனை மணிக்குள்ள அனுப்பணும்?

— ஆறு மணி வரைக்கும் வாங்கிப்பாங்க.

— இப்பவே அஞ்சே கால். இருபத்தொரு வயசுக்கு மேல சேத்துக்க மாட்டாங்க இல்ல?

— மாட்டாங்க. எனக்கு இதுதான் கடைசி வருஷம்.

— இந்த இடம் இல்லாமப் படம் நிக்குமா?

— நிக்கும். கொஞ்சம் நொண்டும்.

— அப்ப இதோடயே அனுப்பு.

— அம்மா!

— என்ன அம்மா? மேலாளர்கிட்ட நாளைக்கு நானே போய்ச் சொல்லிடறேன். தப்புப் பண்ணது நான், கேமரா இல்ல. பயிற்சி வேலை இன்னொரு வருஷம் வந்தாலும் வரும், வராட்டியும் லிஃப்டு ஏறி இறங்கிட்டுத்தான் இருக்கும். உனக்கு இது ஒரே தடவை.

— அம்மணி...

— நீங்க எதுக்கு இப்ப மூக்கை உறிஞ்சறீங்க?

— அடுப்பில் புகை.

— நம்ம அடுப்பு கரண்ட்டுல எரியுது. ஏன்டி, நீ என்ன என் மூஞ்சியையே பாத்துட்டு உக்காந்திருக்க? அந்தப் பொத்தானை அமுக்கு.

— அமுக்க முடியாதும்மா.

— ஏன், நெட்டு போயிடுச்சா?

— போட்டிக்குப் போக வேண்டியது காலையிலேயே போயாச்சு. நாலு நிமிஷம் நாப்பத்தொம்பது செகண்டு. முதல்லேர்ந்து கடைசி வரைக்கும் உன் தலையில ஹெல்மெட் இருக்கும். இது உன் முகத்தை நீ ஒரு தடவை பாக்கணும்னு எடுத்து வெச்சதும்மா.