இரண்டு டிஸ்க் போட்ட பெட்டி

ஒரே நாளில், ஒரே கடையில், ஒரே ரகத்தில் இரண்டு டிஸ்க் வாங்காதீர்கள் என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்வேன். சேர்ந்து பிறந்தவை பெரும்பாலும் சேர்ந்தே சாகும். வீடியோ எடுப்பவர்கள் கேட்டுக்கொள்வார்கள், அப்புறம் தள்ளுபடி கிடைக்கிறது என்று ஜோடியாகத்தான் வாங்கிப் போவார்கள். எங்கள் பல்கேரிய ஊரான யாம்பொலில் கல்யாண வீடியோ எடுக்கிறவர்களில் பாதிப் பேருக்கு நான்தான் கம்ப்யூட்டர் அமைத்துக் கொடுத்தவன். இதுவரை யாரும் குறை சொன்னதில்லை.

நீங்கள் சோஃபியாவில் செத்த டிஸ்க்குகளைத் திறந்து படிப்பவர். என் மகள் பிலியானா அனுப்பிய பெட்டி உங்கள் மேஜையில் இருக்கிறது. இதை அமைத்தது யார், வேறு பிரதி ஏதாவது இருக்கிறதா என்று இரண்டு கேள்வி கேட்டீர்கள். குரலில் கடுமை இருந்தது. தப்பில்லை, நானாக இருந்தாலும் அப்படித்தான் கேட்டிருப்பேன். முதல் கேள்விக்கு முதலில் பதில் சொல்கிறேன்.

பிலியானாவைப் பெற்றவன் ரூமென். எங்கள் ஊர்க் கல்யாணங்களைப் படம் பிடித்தவன். அவன் கல்யாணத்தில் தோழனாக நின்றவன் நான். அதனால் எங்கள் வழக்கப்படி பிள்ளைக்கு ஞானத் தகப்பனும் நானே. அவளுக்கு ஆறு வயதாகும்போது அவனுக்கு நரம்புகளை ஒவ்வொன்றாக அணைத்துக்கொண்டு போகும் அந்த வியாதி வந்தது. முதலில் குரல் போகும், பிறகு கைகள் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அன்றைக்கே கடைக்கு வந்தான்.

"டேய் ஒக்னியான், எனக்கொரு மெஷின் போட்டுக் குடு. கல்யாண வேலைக்கில்ல."

"பின்ன எதுக்கு?"

"புள்ளைக்குப் பேசி வைக்கப் போறேன். குரல் போறதுக்குள்ள. நல்லா எச்.டி.ல, எம்மூஞ்சியில மச்சம் இருக்கறது வரைக்கும் அவளுக்குத் தெரியணும்."

"உன் மூஞ்சிக்கு சாதா வீடியோவே ஜாஸ்திடா."

சிரித்தான். சிரிப்பு அப்போதே பாதியில் குழறியது.

அந்த மெஷினை நான் மனசாட்சியோடுதான் தேர்ந்தெடுத்தேன். எச்.டி. படத்தை நிறுத்தி நிறுத்தி வெட்ட நல்ல பிராசசர் வேண்டும், மெமரியில் கஞ்சத்தனம் கூடாது. கழுத்தைத் திருப்ப முடியாதவனுக்குப் பெரிய மானிட்டர். வெட்டுகிற டிஸ்க் வேறு, வைக்கிற டிஸ்க் வேறு. அடுப்பில் இருக்கிற சட்டியிலேயே யாரும் ஊறுகாய் போட்டு வைப்பதில்லை. இதையெல்லாம் சரியாகச் செய்தேன் என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக, படங்களைப் போட்டு வைக்க ஒரு பெட்டி கேட்டான்.

"சின்னவளா இருக்கறப்ப காட்டிடாதீங்க, ஏங்கிப் போயிடுவா. பள்ளி முடிப்பு விழா அன்னிக்கு அவ கையில குடுங்க. அது வரைக்கும் தாங்குமாடா?"

"ரெண்டு டிஸ்க் போடறேன். ரெண்டுலயும் ஒரே படம் இருக்கும். ஒண்ணு செத்தாலும் இன்னொண்ணு பொழைக்கும்."

"நீ சொன்னா சரி."

குரல் போன பிறகு கைகளும் போயின. மத்தியான வேளைகளில் நான் அவன் பக்கத்தில் உட்கார்ந்து மவுஸைப் பிடித்தேன். எங்கே வெட்டுவது என்பதைக் கண்ணை மூடித் திறந்து சொல்வான். திரையில் அவன் பேசிக்கொண்டிருப்பான். காதலிக்கிறேன் என்று குடித்துவிட்டு வருகிற பையனிடம் என்ன சொல்ல வேண்டும், முதல் சம்பளத்தில் அம்மாவுக்கு என்ன வாங்க வேண்டும், தன் கல்லறையில் ஒயின் ஊற்றும்போது மலிவானதை ஊற்றக் கூடாது என்றெல்லாம். நன்றாகத்தான் பேசினான். எனக்கு அதுதான் தொந்தரவாக இருந்தது.

பிலியானா என் மடியில் உட்கார்ந்திருப்பாள். ஒருநாள் கேட்டாள், "சித்தப்பா, எங்கப்பா ஏன் கம்ப்யூட்டருக்குள்ள மட்டும் பேசறாரு?"

நான் மவுஸை நகர்த்திக்கொண்டே இருந்தேன். ஆனால் யோசித்தேன். அந்த வீட்டு வாசலில் எனக்கென்று ஒரு ஜோடி வீட்டுச் செருப்பு வந்து சில மாதங்கள் ஆகியிருந்தன. அவன் மனைவி தெமெனுகா அதை ரூமெனின் செருப்புக்குப் பக்கத்தில் வைப்பாள். ரூமெனுக்குப் பிறகு யார் அந்தப் பிள்ளையைப் பல் டாக்டரிடம் கூட்டிப் போவார், யார் ஜுரத்தில் விழித்திருப்பார் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. இத்தனையும் ஒருவன் செய்து முடித்த பிறகு, பள்ளி முடிப்பு அன்று திரையில் இன்னொருவன் வருவான். நல்ல வெளிச்சத்தில், தப்பான வார்த்தைகளை எல்லாம் வெட்டி எறிந்துவிட்டு வருவான். அதுவும் என் கையாலேயே வெட்டியது. ஒருமுறைகூட அவளைத் திட்டாதவன், ஒருமுறைகூட மறந்துபோகாதவன். அவனோடு யார் போட்டி போட முடியும்? எனக்குப் பொறாமை. அதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை.

அந்தப் பெட்டியின் பின்னால் ஒரு சின்ன சுவிட்ச் இருக்கும், உங்களுக்குத் தெரியும். ஒரு பக்கம் தள்ளினால் இரண்டு டிஸ்க்கிலும் ஒரே படம். மறுபக்கம் தள்ளினால் ஒவ்வொரு படமும் பாதி இதில், பாதி அதில். ஒன்று செத்தால் இரண்டும் குப்பை. நான் மறுபக்கம் தள்ளினேன். ஒரு டிஸ்க் புதியது. மற்றது, ஒரு மருந்துக் கடைக் கம்ப்யூட்டரிலிருந்து கழற்றியது. அப்போதே 'டிக் டிக்' என்று முனக ஆரம்பித்திருந்தது. மேலே புது ஸ்டிக்கர் ஒட்டினேன். எத்தனை மணி நேரம் ஓடினோம் என்பதை டிஸ்க் தனக்குள்ளேயே குறித்து வைத்திருக்கும், அதை வைத்துத்தான் நீங்கள் என்னைப் பிடித்தீர்கள். அது என் கவனக்குறைவு. நான் அப்படி வேலை செய்கிறவனல்ல.

படம் பத்திரமானதும் கேமரா கார்டுகளையும் வெட்டுகிற டிஸ்க்கையும் துடைத்துவிடுவது தொழில் வழக்கம். துடைத்தேன். பெட்டியை மாட்டி ரூமெனுக்கு ஒரு துண்டு ஓட்டிக் காட்டினேன். இரண்டு பச்சை விளக்கும் எரிந்தன. அவன் கண்ணை மூடித் திறந்தான், மறுபடியும் மூடித் திறந்தான். கண்ணீரைத் துடைக்க அவனுக்குக் கை எழாததால் நான் துடைத்துவிட்டேன்.

குளிர்காலத்தில் போய்ச் சேர்ந்தான். நாற்பதாம் நாள் சடங்கில் வேகவைத்த கோதுமையை நான்தான் எல்லோருக்கும் பரிமாறினேன். பிறகு தெமெனுகாவும் நானும் கல்யாணம் செய்துகொண்டோம். ஊரில் ஒருவரும் தப்பாகப் பேசவில்லை. ஒரு மழை நாளில் பள்ளிக்கூட வாசலில் பிலியானா ஓடி வந்து, "அப்பா, குடை கொண்டு வந்தியா?" என்றாள். யாரும் சொல்லித் தரவில்லை, அவளாகத்தான் கூப்பிட்டாள். என் வாழ்நாளில் அவ்வளவு சந்தோஷப்பட்டதில்லை.

இந்த மே மாதம் பள்ளி முடிப்பு விழா. முற்றத்தில் மேளமும் கிளாரினெட்டும் வந்து இறங்கிவிட்டன. வந்தவர்களுக்கு ராக்கியா சாராயம் ஊற்றிக்கொண்டிருந்தேன்.

"என்ன ஒக்னியான், பொண்ணைப் பள்ளிக்கூடத்துலேர்ந்து அனுப்பறியா, மாமியார் வீட்டுக்கே அனுப்பறியா?" என்றாள் பக்கத்து வீட்டு ஸ்தோய்கா.

"மாமியாரு இன்னும் கெடைக்கல. உன் பையன் குளிச்சிட்டு வந்தா பாக்கலாம்" என்றேன். முற்றமே சிரித்தது.

அப்போது பிலியானா உள்ளேயிருந்து கூப்பிட்டாள். பச்சை கவுன், தூக்கிக் கட்டிய முடி, கையில் அவள் அம்மா எடுத்துக் கொடுத்த அந்தப் பெட்டி.

"அப்பா, இதை மாட்டிக் குடு. வெளியில போறதுக்கு முன்னாடி நான் மட்டும் ஒருவாட்டி பாத்துக்கறேன்."

மாட்டினேன். ஒரு விளக்குதான் எரிந்தது. 'டிக் டிக்' என்றது, பிறகு சுரண்டுகிற சத்தம். டிஸ்க்கின் தட்டு கீறிப்போயிருக்கிறது என்று நீங்கள் சொன்னீர்களே, அது நடந்தது அப்போதுதான்.

"இன்னொருவாட்டி போடுப்பா."

போட்டேன். அவள் முகத்தை அண்ணாந்து வைத்துக்கொண்டாள், கண் மை கரையக் கூடாதென்று.

"எனக்கு அவரு குரலே ஞாபகம் இல்லப்பா. என்ன பேசினாருன்னுகூட வேண்டாம். ஒரே ஒரு வார்த்தை போதும்."

"சோஃபியாவுக்கு அனுப்பலாம்மா. அங்க பெரிய ஆளுங்க இருக்காங்க" என்றேன். பிறகு அவள் கையைப் பிடித்து வாசலுக்குக் கூட்டி வந்தேன். சிநேகிதர்கள் தெருவில் நின்று, படித்து முடித்த வகுப்புகளை ஒன்று முதல் பன்னிரண்டு வரை கத்தி எண்ணினார்கள். அவளும் எண்ணினாள்.

இனி உங்கள் இரண்டாவது கேள்வி. எந்தப் படமானாலும் மூன்று பிரதி, அதில் ஒன்று வேறு கூரையின் கீழ் இருக்க வேண்டும். இது எங்கள் தொழிலின் பால பாடம். பெட்டியைக் கெடுத்த அதே கை, பழக்கதோஷத்தில் இன்னொரு பிரதியும் எடுத்து என் கடை இரும்புப் பெட்டிக்குள் வைத்துவிட்டது. இரக்கத்தால் அல்ல. பிரதி இல்லாமல் ஒரு வேலையை முடிக்க எனக்கு வராது, அவ்வளவுதான்.

விழா முடிந்த மறுநாள் காலை அதை எடுத்து ஓட்டினேன். பள்ளி முடிப்பு அன்றைக்கென்று ரூமென் தனியாகப் பேசி வைத்த துண்டு ஒன்று உண்டு. குரல் இருந்த நாளிலேயே, "இதை மட்டும் நீ பாக்காதடா, அப்படியே போட்டு வை" என்று சொல்லியிருந்தான். அத்தனை வருஷமும் நான் அதைப் பார்க்கவில்லை, வாக்குக் கொடுத்திருந்தேன். அன்று பார்த்தேன். சமையலறையில் உட்கார்ந்து, சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டுக்கொண்டு பேசுகிறான்.

"பிலி, இன்னிக்கு உன்னைக் கையைப் புடிச்சுக் கூட்டிட்டு வந்தது ஒக்னியான்தான், எனக்குத் தெரியும். உன்னைப் பாத்துக்கோன்னு நான் அவங்கிட்ட கேக்கல. கேட்டா வெக்கப்பட்டு ஓடிருவான், கூச்சக்காரப் பய. அவனை அப்பான்னு கூப்புடும்மா. நான் கோச்சுக்க மாட்டேன். என்னைவிட அவந்தான் உன்னை ஜாஸ்தி நேரம் தூக்கி வச்சிருந்தான்."

இரண்டு முறை ஓட்டிக் கேட்டேன். வெகுநேரம் அழுதேன், அதை மறைக்கவில்லை. பிறகு யோசித்துப் பார்த்தேன். அவள் அந்த மழை நாளில் தானாகவே எனக்குக் கொடுத்த ஒரு சொல், இதைக் கேட்டால் அவன் போட்ட பிச்சையாக ஆகிவிடும். துடைத்துவிட்டேன். அந்தப் பிரதி முழுவதன் மேலும் வெற்று எண்களை எழுதி, மறுபடியும் துடைத்தேன். உங்களால் மட்டுமல்ல, இனி யாராலும் அதை எடுக்க முடியாது.

ஆகவே, வேறு பிரதி இல்லை. முடியாது என்று அவளிடம் நீங்களே சொல்லிவிடுங்கள். நான் சொன்னால் தாங்க மாட்டாள். பன்னிரண்டு வருஷமாக, தகப்பன் இல்லாத குறையே தெரியாமல்தான் அந்தப் பெண்ணை வளர்த்திருக்கிறேன்.