இடது கன்னத்துக்குப் பழைய பிரஷ்

— …அதெல்லாம் எனக்குத் தெரியாது மாஸ்டர். அந்தப் பழைய பிரஷ்ஷை எடு. இல்லேன்னா சோப்பை நானே கையால பூசிக்கிறேன்.

— உட்காருங்கண்ணே. துண்டைக் கட்டி அரை நிமிஷம் ஆகல, அதுக்குள்ள பஞ்சாயத்தா? பஸ்ஸை எங்க விட்டீங்க?

— ஸ்கூல் வாசல்லதான் நிக்குது. மூணரைக்குத்தான் பிள்ளைங்க வெளியில வரும். நீ பேச்சை மாத்தாத. எனக்குப் பன்னிமுடி பிரஷ்தான் வேணும்.

— அது கொட்டுதுண்ணே. போன மாசம் டெய்லர் வாயில ரெண்டு முடி. துப்பித் துப்பிப் பார்த்துட்டு, மீதியை வீட்லயே வழிச்சுக்கிறேன்னு எழுந்து போயிட்டார்.

— டெய்லர் வாயில நூல் போகாத நாளு உண்டா? கூட ரெண்டு முடி போனா என்ன கெட்டுப்போச்சு?

— ஒவ்வொரு தடவையும் பத்து நிமிஷம் ஊறணும். அது காயறதுக்குள்ள அடுத்த ஆள் வந்து நிப்பார். நனைஞ்சா ஒரு வாடை வேற. இது நைலான். உதறினாப் போதும், காய்ஞ்சிடும். மருந்துத் தண்ணியில முக்கி எடுத்தாலும் அப்படியே நிக்குது.

— நின்னு என்ன பிரயோஜனம்? பழசு பட்டா கன்னத்துல சுருசுருன்னு ஏறும். இது பட்டதே தெரியல. இது வந்ததுல இருந்து என் இடது கன்னம் மரத்தே போச்சு.

— இடதா?

— ரெண்டும்தான்… இடது கொஞ்சம் அதிகம்.

— ம்…

— என்ன ம்? பிளாஸ்டிக்கைத் தேய்ச்சா தோல் என்னத்துக்கு ஆகும்? என் வீட்லகூட, கடையை மாத்துங்கன்னு சொல்றா.

— அண்ணியா அப்படிச் சொன்னாங்க?

— …இன்னும் சொல்லல. சொல்லுவா. அது கிடக்கட்டும், உன் பொண்ணு ஏன் பஸ்ல வர்றதில்ல? ரெண்டு வாரமாச்சு. அந்த ஜன்னல் சீட்ல வேற யாரையும் உட்கார விடாம வச்சிருக்கேன்.

— பஸ்ல வாந்தி வருதாம்ணே. நானே சைக்கிள்ல கொண்டுபோய் விட்டுடறேன்.

— மூணு வருஷமா வராத வாந்தி இப்ப வந்துச்சாக்கும்?

— வளர்ற புள்ளைதானே… தலையைச் சாய்ங்க. பழசை நான் தூக்கிப் போடல. தர்றேன். ஆனா ஒரு பந்தயம். சுடுதுண்டால உங்க கண்ணை மூடிடுவேன். ஒரு கன்னத்துக்கு ஒரு பிரஷ். எது எதுன்னு சரியாச் சொல்லிட்டா, உங்களுக்கு மட்டும் ஆயுசு பூரா பன்னிமுடி.

— யார் ஆயுசு? என்னோடதா, பிரஷ்ஷோடதா?

— எதுல முதல்ல முடி தீருதோ, அது வரைக்கும்.

— சரி, போடு. நல்லா ஊறட்டும் முதல்ல.

— நீங்க தெருமுனையில வரும்போதே ஊறப் போட்டாச்சு… ம், இது வலது. சொல்லுங்க.

— ஆ… பன்னிமுடி. எப்படிக் குறுகுறுங்குது பாரு. இதுக்குப் பேர்தான் ஷேவிங்.

— இப்ப இடது.

— …

— அண்ணே?

— வச்சுட்டியா?

— வச்சுட்டேன்.

— அப்ப இது நைலான். ஒண்ணுமே தெரியல பாரு. இதைத்தான் ஒரு மாசமா கத்திக்கிட்டு இருக்கேன். துண்டை எடு. ஜெயிச்சேனா இல்லையா?

— கண்ணாடியில பாருங்கண்ணே. இடது பக்கம் எப்படிச் சிவந்திருக்கு? பழசை வச்சு, சட்டி தேய்க்கிற மாதிரி அழுத்தித் தேய்ச்சேன். வலதுல வச்சதுதான் நைலான்.

— நீ மாத்திச் சொல்றே.

— உங்க உதட்டோரத்துல ரெண்டு முடி ஒட்டியிருக்கு. நைலான் கொட்டாது. பிரஷ் மேல பழியைப் போடாதீங்க. எப்ப இருந்துண்ணே?

— புதுசு வந்த சமயம்தான், சத்தியமா. ஒருநாள் காலையில எழுந்தா, பல்லுக்கு ஊசி போட்ட மாதிரி இருந்துச்சு. அன்னிக்குத்தான் நீயும் பிரஷ்ஷை மாத்தியிருந்தே. அதனாலதான்னு நெனச்சுட்டேன்… நெனச்சுக்கிட்டேன்.

— கன்னம் மட்டும்தானா?

— கையும் கொஞ்சம். கால்ல… செருப்பு கழண்டா தெரியறதில்ல.

— இடது கால்.

— ஆமா.

— கிளட்ச் மிதிக்கிற கால்.

— குனிஞ்சு பார்த்துக்குவேன்பா. பழகிடுச்சு.

— ஓட்டும்போதா?

— …பயமா இருக்கு மாஸ்டர். டாக்டர்கிட்டப் போனா முதல்ல சாவியைத்தான் வாங்குவாங்க. இன்னும் நாலு வருஷம் வேலை இருக்கு எனக்கு. அந்த சீட்டை விட்டு இறங்கினா நான் என்ன பண்ணுவேன், சொல்லு.

— சாவியை இப்ப என்கிட்டக் குடுங்க. ஸ்கூலுக்கு போன் பண்ணி வேற ஆளைப் போடச் சொல்றேன். நுரையைத் துடைச்சுட்டு நேரா ஆஸ்பத்திரிக்குப் போறோம்.

— பாதி ஷேவ்கூடப் பண்ணாமலேயா?

— மொத்தமும் பண்ணாமத்தான்.

— ஒரு விளையாட்டுல தோத்ததுக்கா இவ்வளவு? இன்னிக்கு ஒரு டிரிப் முடிச்சுட்டு வந்துடறேனே. இப்பத்தானே கண்டுபிடிச்சே? சாயங்காலம் கண்டுபிடிச்சதா வச்சுக்கோயேன்.

— இப்பக் கண்டுபிடிக்கலண்ணே. ரெண்டு வாரம் முன்னாடி உங்க இடது தாடையில கத்தி பட்டு, ரத்தம் காலர் வரைக்கும் வந்துச்சு. படிகாரத்தை வச்சு அழுத்தினேன். அந்த எரிச்சல்கூடத் தெரியாம நீங்க மேட்ச் கதை சொல்லிக்கிட்டே இருந்தீங்க. அன்னிக்கே எனக்குத் தெரிஞ்சுபோச்சு. என் பொண்ணுக்கு வாந்தியும் இல்ல, ஒண்ணும் இல்ல. அவளை மட்டும் இறக்கிக்கிட்டு, மத்த முப்பத்தோரு பிள்ளைங்களையும் உங்க பஸ்லயே விட்டுட்டேன்.