நம்மாளுக்கு ஒரு இது

— அவ கைல இன்னான்னு சொன்ன? ஒரு எழுத்து வுடாம அப்டியே சொல்லு பாய்.

— எத்தினி வாட்டி மாமு? கல்மண்டபத்துல பஸ்ஸு எறங்குனதுல இருந்து இதையே கேட்டுகினு வர. போன போட்டேன். 'கன்னிமா, நம்மாளுக்கு உன் மேல ஒரு இது கீது. ரொம்ப நாளாவே கீது. சொல்ல கூச்சப்படுது. ஞாயித்துக்கெழம காபி கடைல வச்சி உன் பதில சொல்லிடு'ன்னேன். அவ்ளோதான்.

— அதுக்கு அவ இன்னா சொன்னா?

— 'ம்'னா.

— ம்மா, உம்மா?

— உம்மா எல்லாம் குடுக்கல மாமு. அந்த அளவுக்கு பேச்சு போவல.

— சிரிக்காத. அந்த 'ம்' மேல போச்சா, கீழ வந்துச்சா?

— மேல போயி, கொஞ்ச நேரம் அங்கியே நின்னுட்டு, அப்பால கீழ வந்துச்சு. போன வச்சிட்டா.

— அப்ப வேணாம்னு தான் சொல்லப் போறா. எழுந்துரு, பூடலாம்.

— குந்து மாமு. ஏசி ஷோக்கா கீது. நம்மாளுக்கு காலைல இருந்து வெறும் வயிறு. துன்னாம எழுந்துக்க மாட்டேன்.

— இன்னா ஷோக்கு? இது இன்னா எடம்னு தெரிதா உனக்கு? பழைய மொளகா கிடங்கு. ஹார்பர்ல வேல கெடைக்கறதுக்கு முன்ன நான் இங்க தான் மூட்ட அடுக்கினு இருந்தேன். தோ, இந்த தூணுல தான் முதுவு சொறிஞ்சிக்குவேன். இப்ப பாரு, செவுத்த பாதி சொரண்டி வுட்டு, செங்கல்ல காட்டிகினு, மஞ்ச பல்பு தொங்க வுட்டு வச்சிகிறான். அன்னிக்கு உள்ள வந்தா எனக்கு கூலி குடுத்தான். இன்னிக்கு உள்ள வந்தா நான் அவனுக்கு குடுக்கறேன். இதுல கூமுட்ட யாரு? இந்த பக்தவச்சலம் தான்.

— சரி சரி. காதாண்ட இன்னா மாமு கருப்பா? டை அடிச்சியா?

— ...மீசைக்கு மட்டும் தான்.

— மீச எப்ப காதாண்ட போச்சு?

— மிச்சம் இருந்துச்சுபா. வீணாவுதேன்னு மேலயும் தடவிகினேன். வுடு.

— இந்தா, இந்த பேப்பர்ல தொட. சரி, அவ வரதுக்குள்ள ஒரு வாட்டி சொல்லிக் காட்டு. நான் தான் கன்னிமான்னு நெனச்சிக்க.

— உன் தாடிய பாத்துகினு இன்னாத்த நெனக்கறது?

— கண்ண மூடிக்க. நானும் மூடிக்கறேன். ம், ஆரம்பி.

— கன்னிமா... எங்கூட்ல ரெண்டு ரூமு கீது.

— ம்.

— ஒண்ணு சொம்மா தான் கீது.

— மாமு, இது வாடகைக்கு ஆளு தேடற பேச்சு.

— பின்ன, பாத்ரூமு வூட்டுக்குள்ளயே கீதுன்னு சேத்துக்கவா?

— யா அல்லா. உன்ன வச்சிகினு. 'கன்னிமா, உம் புள்ள கூட ஓசூருக்கு போவாத, எங்கூட வந்து இரு'ன்னு சொல்லேன். இதுல இன்னா கஷ்டம்? இந்த மாசத்தோட தண்டார்பேட்ட வூட்ட காலி பண்ணிட்டு வந்துடுன்னு அவ புள்ள நெருக்கறான். இன்னிக்கு வுட்டா அப்பால நீ ஓசூருக்கு டிக்கெட்டு எடுத்துகினு போயி தான் 'ரெண்டு ரூமு கீது'ன்னு சொல்லணும்.

— தெரியும்பா. தெரியாமயா டை அடிச்சேன்?

— யோவ், இன்னா ரெண்டு பேரும் கண்ண மூடிகினு குந்தினு கீறீங்க? துவா பண்றீங்களா, தூங்கறீங்களா?

— ஆங்... வா கன்னிமா. வா. குந்து. பாய் தான் கண்ண மூட சொன்னான்.

— நல்லா கீதுயா இந்த கடை. வெளிய கண்டெய்னர் லாரி ஒண்ணு பின்னாடி ஒண்ணா நின்னுகினு, பொகைய தள்ளிகினு கீது. கதவ தள்ளிகினு உள்ள வந்தா வேற ஊரு மாதிரி கீது. இன்னா சொல்லிகீறீங்க?

— ஒண்ணும் சொல்லல. அட்டைய குடுத்துட்டு போச்சு அந்த பொண்ணு. நானும் அஞ்சாவது வரைக்கும் போனவன் தான். ஆனா எங்க வாத்தியாரு இந்த பேருங்கள ஒண்ணு கூட சொல்லிக் குடுக்கல.

— குடு இங்க. கண்ணு, இங்க வாம்மா. மூணு காபி. அந்த முட்ட வச்ச ரொட்டி ரெண்டு. கண்ணாடிக்குள்ள கீதே, செவப்பா, அந்த கேக்கு ஒண்ணு.

— காபி மேல படம் கிடம் போடாதம்மா! சொல்லிட்டேன்.

— அது இன்னா பண்ணுச்சு உன்ன?

— முன்ன நீ இட்டுகினு போனியே, அந்த அண்ணா நகர் கடைல இன்னா ஆச்சு? காபி மேல எல போட்டு குடுத்தான். ஆத்தக்கூடாது சார், எல கலைஞ்சிடும்னான். ஆத்தாம குடிச்சா நாக்கு வேவுது. ஆத்துனேன். எல என் சட்டைல வந்து குந்திகிச்சு. வெள்ள சட்ட.

— பெசன்ட் நகர் கடைய சொல்லு மாமு.

— அத சொல்லாத. ஐஸ்கிரீம் தலைல சூடா காபிய ஊத்திட்டான். கை தவறிட்ச்சின்னு நெனச்சி, 'இன்னாயா, கண்ணு தெரியலியா'ன்னு எகிறிட்டேன். மொத்த கடையும் திரும்பி பாத்துச்சு. அப்பால பாத்தா அந்த ஐட்டமே அப்டி தானாம். இந்த கன்னிமா தலைய குனிஞ்சவ தெருவுக்கு வந்து தான் நிமுந்தா.

— நிமுந்து சிரிச்சேன் யா. அத சொல்லு.

— அதுவும் பிரஞ்ச்சாம் பிரஞ்ச்சு, காலைலதும் மத்தியானதும் ஒண்ணா துன்றதாம். பதினோரு மணிக்கு துன்னா அதுக்கு ஒரு பேரு. நாங்க ஹார்பர்ல ஷிப்டு முடிஞ்சி பதினோரு மணிக்கு துன்னப்ப 'இன்னாயா, இன்னுமா துன்னல'ன்னு தான் கேட்டான், பேரு எவனும் வைக்கல.

— ஹார்பர் கேட்டாண்ட என் இட்லி கடைல வந்து தானே துன்னீங்க. ஆறுன இட்லிய போட்டு சூடா சாம்பார ஊத்துனா சத்தமே வராது. இங்க வந்து குத்தம் படிக்கற.

— அந்த சாம்பார் வேற கன்னிமா.

— சரி. காபி வரட்டும், துன்னுட்டு சொல்லலாம்னு தான் வந்தேன். ஆனா உள்ள வச்சிகினு முழுங்க முடில. சொல்லிடறேன். பாய், கோச்சிக்காத.

— சொல்லு கன்னிமா, சொல்லு.

— நீ போன்ல சொன்னத ரொம்ப யோசிச்சேன். முடியாது பாய். மன்னிச்சிடு.

— ...வா பாய். பூடலாம்.

— யோவ் பக்தா, நீ இன்னாத்துக்கு எழுந்துக்கற? நான் அவரு கைல பேசினு கீறேன். குந்து. பாய், நீ தங்கமான மனுசன். உன் வூட்டுக்காரி காத்தூன் பீவி மௌத்தானதுல இருந்து தனியா கஷ்டப்படற. எல்லாம் தெரியும். ஆனா எனக்கு உன் மேல அந்த மாதிரி நெனப்பு ஒண்ணும் இல்ல.

— எம் மேலயா?

— பின்ன யாரு மேல?

— இரு இரு இரு. நான் போன்ல இன்னா சொன்னேன்?

— 'நம்மாளுக்கு உன் மேல ஒரு இது'ன்ன.

— ஆமா. நம்மாளுக்கு.

— அதான். உனக்கு.

— நம்மாளுன்னா நானா?

— வேற யாரு? 'கன்னிமா, நம்மாளுக்கு ரெண்டு இட்லி.' 'கன்னிமா, நம்மாளுக்கு சட்னி பத்தல.' 'நம்மாளுக்கு முட்டி வலி, நாளைக்கு வர மாட்டேன்.' அந்த இட்லி எல்லாத்தையும் துன்னது யாரு? ஊர்ல கீற எவனோ வந்தா துன்னுட்டு போனான்?

— யா அல்லா! மாமு, எதுனா சொல்லு மாமு.

— நான் இன்னாத்த சொல்றது? தூது அனுப்புனேன். தூது போனவன் மாப்ள ஆயி, வேணாம்னும் ஆயிட்டான். எனக்கு இன்னும் மொத பஸ்ஸே கெளம்பல.

— கன்னிமா, நான் கேக்கவே இல்ல! கேக்காததுக்கு வேணாம்னுட்ட. சரி, வேணாம்னா வேணாம். ஆனா ஏன் வேணாம்? அத மட்டும் சொல்லு. தாடியா?

— பாய், அதுவாயா இப்ப முக்கியம்?

— எனக்கு முக்கியம் மாமு.

— நீ அவள ஒரு தங்கச்சின்னு கூப்ட்டு தொலைச்சிருந்தா இந்த பேஜாரே வந்திருக்காது. பழகுன நாள்ல இருந்து கன்னிமா கன்னிமான்னு கூப்ட்டுகினு.

— இருங்க ரெண்டு பேரும். அப்ப நம்மாளுன்னா யாரு? யோவ் பக்தா. உன் காதாண்ட இன்னா கருப்பா ஒழுவுது?

— வேர்வ.

— ஏசில, கருப்பு வேர்வையா?

— நான் மொளகா மூட்ட தூக்குன ஒடம்பு. எந்த கலர்ல வேணா வேர்க்கும்.

— கேக்கறதுக்கு நேரா பதில் சொல்லுயா. பாய் போன வச்சதும் நான் இன்னா பண்ணேன் தெரிமா? எம் புள்ள சித்தார்த்துக்கு போன போட்டு, 'சரிடா, வரேன்'னுட்டேன். ஆறு மாசமா மாட்டேன் மாட்டேன்னு நின்னவ. அவனும் வேன் பேசிட்டான். வர வெள்ளிக்கெழம சட்டி பானைய ஏத்தறான்.

— வெள்ளிக்கெழமயா? இன்னாத்துக்கு சரின்ன?

— பின்ன? பாய்க்கு முடியாதுன்னு சொல்லிட்டு அப்பால அவரு மூஞ்ச பாத்துகினு எப்டி ஒண்ணா குந்தி காபி குடிக்கறது? கேக்கக் கூடாத ஆளு கேட்டாச்சு. கேக்க வேண்டியவன் கேக்கப் போறதில்ல. இனிமே இங்க எனக்கு இன்னா கீதுன்னு நெனச்சேன்.

— மாமு. மாமு! காதுல வுழுந்துச்சா அது? பேசு மாமு. வெள்ளிக்கெழம வேன் வருது.

— பேசறேன் இருபா, தள்ளாத. கன்னிமா... எங்கூட்ல ரெண்டு ரூமு கீது.

— அதுக்கு?

— ஒண்ணு சொம்மா கீது.

— மாமு, வேணாம்...

— பாத்ரூமு உள்ளயே கீது.

— வாடகைக்கு வுடப் போறியா?

— இல்ல. அய்ய, இல்ல கன்னிமா. முப்பது வருசம் கிரேனாண்ட நின்னு கைய காட்டுனவன் நானு. கப்பல்ல இருந்து எம்மாம் பெரிய லோடா இருந்தாலும் என் கை அசைவுல பூ மாதிரி எறங்கும். இந்த ஒரு வார்த்தைய வாய்ல இருந்து எறக்க முடில. அந்தரத்துலயே தொங்குது.

— தொங்கட்டும். மெதுவா எறக்கு. இப்ப தான் வந்த கேக்கு, அத கீழ வைய்யா மொதல்ல, பிசைஞ்சிகினே கீற.

— நான் எவனையும் நம்பாதவன். பால்காரன நம்ப மாட்டேன், டாக்டர நம்ப மாட்டேன். டிவில மழ வரும்னு சொன்னா கொடைய வேணும்னே வூட்ல வச்சிட்டு போயி, தொப்பரையா நனைஞ்சிகினு வந்து, சொம்மா தூறல் தான்னு சொல்றவன். எந்த கடைல துன்னாலும் மோந்து பாத்துட்டு தான் வாய்ல வைப்பேன். என் சொந்த தங்கச்சி வூட்ல கூட அப்டி தான், அதுல அவளுக்கும் எனக்கும் சண்ட. உன் கடைல ஒரு நாளு கூட மோந்து பாத்ததில்ல. ஏன்னு கேட்டா எனக்கு தெரியாது. எல போட்ட, துன்னேன். அவ்ளோதான் எனக்கு சொல்ல தெரிஞ்சது. ஓசூருக்கு போவாத. சிரிக்கறதுன்னா சிரிச்சிக்க.

— சிரிக்கல. ஏன் ஆளு வுட்டு கேட்ட? உனக்கு வாய் இல்ல?

— வேணாம்னு நீ சொன்னா பாய் கைல தானே சொல்லுவ. எனக்கு நோவாதுன்னு ஒரு கணக்கு.

— நோவலியா?

— முடியாதுன்னு நீ சொன்னல்ல, அது அவனுக்கு சொன்னதுன்னு தெரியறதுக்குள்ள பாதி உசுரு பூட்ச்சி.

— எனக்கு இன்னும் போயிகினு தான் கீது. ஒருத்தரும் கேக்கல.

— பாய், நீ அந்த ரொட்டிய துன்னு. உனக்கு அப்பால காரணம் சொல்றேன். யோவ் பக்தா, என்ன பாரு. வருசம் ஒண்ணாச்சு, மாசம் பொறந்தா நான் ஒரு கடைய கண்டுபுடிச்சி உங்கள இட்டாறேன். நீ திட்டிகினே வர. எதுக்கு இட்டாறேன்னு ஒரு நாளாவது யோசிச்சியா?

— யோசிக்காம? எல்லாத்தையும் சந்தேகப்படறவன் இத வுட்டுடுவனா? மொதல்ல, கடைக்காரன் உனக்கு கமிசன் குடுக்கறானோன்னு பாத்தேன். கல்லாவாண்டயே கண்ணு வச்சிகினு இருந்தேன், அப்டி ஒண்ணும் தெரில. அப்பால தான் புரிஞ்சிச்சு. பாவம், அடுப்பாண்டயே வெந்தவ, இந்த வயசுல நாக்கு கேக்குக்கு அலையுது, துன்னுட்டு போவட்டும்னு வுட்டுட்டேன்.

— கூமுட்ட. கேக்கு எனக்கு ஆவாதுயா, ஏழு வருசமா சக்கர வியாதி.