முனிலட்சுமிக்குக் கொடுத்த நெட்

ஹாட்ஸ்பாட் போட்டால் போன் கொஞ்சம் சூடாகும். அதற்கு மேல் நட்டம் ஒன்றுமில்லை. தினமும் பொழுது சாயும்போது இதை மனதுக்குள் சொல்லிக்கொண்டுதான் அதைப் போட்டுவிடுவேன். சுவருக்கு அந்தப் பக்கம் என் ஓரகத்தி முனிலட்சுமியின் போனுக்கு நெட் போகும். அவள் போனில் பேச மட்டும்தான் ரீசார்ஜ்.

தேன்கனிக்கோட்டைப் பக்கம், காட்டை ஒட்டி எங்கள் இரண்டு வீடுகள். யானை இறங்கினால் ஊர் வாட்ஸப் குழுவில் தகவல் வரும். ராகிக் காவலுக்குப் போகும் என் கொழுந்தன் வெங்கட்டிடம் இருந்தது பட்டன் போன். அதனால் இவள் படித்துவிட்டு அவனைக் கூப்பிடுவாள். "யோவ், ஏரிப் பக்கம் போயிடாத. உன் மச்சானுங்க நிக்கறாங்க." அவன் பதிலுக்கு ஏதோ சொல்வான். இவள் சிரிப்பாள். சுவர் மெல்லியது.

என் கணவருக்கு ஓசூரில் கம்பெனி வேலை. ஷிப்டில் பேச நேரமே கிடைப்பதில்லை என்பார். நான் நம்பியிருந்தேன்.

அன்று சாயங்காலம் முனிலட்சுமி குரல் கொடுத்தாள். "அக்கோவ், மாமா எந்நேரமும் ஆன்லைன்லயே இருக்கறாரு. உங்கிட்ட பேசத்தான் நேரமில்லயாமா?"

விளையாட்டாகத்தான் சொன்னாள். என் நெட்டில் பார்த்து என்னிடமே சொன்னாள். எனக்குக் கோபமில்லை. ஹாட்ஸ்பாட்டை மட்டும் நிறுத்தினேன். அவள் கவனிக்கவில்லை, போனை மாடத்தில் வைத்துவிட்டுச் சமைக்கப் போய்விட்டாள். சத்தம் வராவிட்டால் யானை வரவில்லை என்று அவளுக்கு அர்த்தம்.

நான் அரிசி களையும்போது என் போன் ஒலித்தது. ராகிக் காட்டு மேட்டில் ஒற்றை யானை. படித்தேன். சுவரைத் தட்டியிருக்கலாம். தட்டினால் நெட்டை நிறுத்தியது தெரிந்துவிடும். போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு உலையைப் பார்த்தேன். அந்தப் பக்கம் அவள் மிளகாய் வறுத்தாள். நெடியில் இருவருமே இருமினோம்.

வெங்கட்டைத் தூக்கி வந்தபோது அவளைத் தாங்கிப் பிடித்தது நான்தான்.

நேற்று என் வாசற்படியில் வந்து உட்கார்ந்தாள். "குரூப்புல போட்டாங்கன்னு எல்லாரும் சொல்றாங்கக்கா. எம் போன்ல அதக் காணோம். பாக்காமயே கை தவறி அழிச்சுட்டனோ என்னமோ. நானே அவர யானைக்குக் குடுத்துட்டனா? செத்த நேரம் நெட் குடுக்கா, பாத்துக்கறேன்."

அன்று நிறுத்தியதை நான் திரும்பப் போடவே இல்லை. கொடுத்தால் அந்தத் தகவல் அப்போதுதான் வந்து இறங்கும். தன் மேல் தப்பில்லை என்று அவளுக்குத் தெரிந்துவிடும். பிறகு என்னையும் இழந்துவிடுவாள். இந்த நிலைமையில் அவளுக்கு வேறு யார் இருக்கிறார்கள்?

அவள் தலையைத் தடவிக்கொடுத்தேன்.

"சார்ஜ் இல்ல முனி" என்றேன். அவளுக்காகத்தான்.