மூச்சைக் காட்டும் துணி

மனைவியின் மறைவுக்குப் பிறகு நான் தனியே சென்றுவரும் வாலாஜாபாத் பேருந்தில், முன்னிருக்கையில் இரண்டு பெண்கள் அமர்ந்திருந்தார்கள். மூத்தவர் சொன்னார்:

“ஆராய்ச்சி பண்ற எம் பொண்ணு நெய்ஞ்ச துணி, போத்திக்கினவங்க மூச்ச போன்ல காட்டுதும்மா. நூல்லயே கரண்டு ஓடுது. கொறமாசக் கொழந்தைங்களுக்காம். இன்னிக்கி டாக்டருங்ககிட்ட காட்டப் போயிருக்கா.”

“அடேங்கப்பா!”

“நேத்து, புதுத்துணியாச்சேன்னு மூலையில மஞ்சத்தண்ணி வெச்சுட்டேன்.”

“ஐயையோ! ஈரம் பட்டா கெட்டுடாதாக்கா?”

“அப்பறந்தான் எனக்கும் அது ஒறைச்சுது. அவ அத எடுத்து, தூங்கிக்கினு இருந்த அவங்கப்பா மேல போத்தினா. போன்ல கோடு அலையலையா ஓடுச்சு. அவரு கொறட்டைகூட தெரிஞ்சுது!”

இருவரும் சிரித்தார்கள்.

“மஞ்சளத் தொடச்சுத் தரேன்னேன். ‘வேணாம்மா, ஆஸ்பத்திரியில மொதல்ல போத்தப்போறது ஒரு கொழந்தைக்கு. மஞ்சளோடயே இருக்கட்டும்’னு எடுத்துக்கினு போயிட்டா.”