பியானோவுக்கு வைத்தியம் பார்த்தவன்

வஜ்ஜிரம் காய்ச்சுகிற வீட்டில் காலை பத்து மணிக்குள் சாப்பாட்டை முடித்துவிட வேண்டும். அதற்குப் பிறகு எந்தக் குழம்பும் வாயில் வைக்க விளங்காது. தோல் பதனிடுகிற ஷாப்பில் கழித்துப் போடும் ஜவ்வையும் துண்டுத் தோலையும் தண்ணீரில் போட்டுக் கொதிக்கக் கொதிக்கக் காய்ச்சினால் வருகிற பசை அது. மரத்தோடு மரத்தை ஒட்ட அதைவிட உத்தமமான பசை கிடையாது. ஆம்பூரில் பிறந்த தச்சனுக்கு இது ஒரு வசதி.

போதகர் ஐயா, நீங்கள் கேட்டது பசையைப் பற்றி இல்லை என்று தெரியும். ஆனால், "மொதல்லேர்ந்து எழுது" என்று சொல்லிக் காகிதத்தையும் பேனாவையும் கொடுத்துவிட்டு எதிரே உட்கார்ந்திருக்கிறீர்கள். எனக்கு முதல் என்றால் அதுதான்.

என் பெயர் சத்தியநாதன். ஜியாவுல்லா சாயபுவின் தோல் ஷாப்பில் பதினெட்டு வருஷம் தச்சு வேலை பார்த்தேன். ஊறவைக்கும் தொட்டிகளுக்கு மூடி, கிடங்குக்குக் கதவு, தோலைப் போட்டுச் சுரண்டுகிற கட்டை, எல்லாம் நான் செய்ததுதான். அந்த நாற்றத்தில் மூக்கு செத்துவிட்டது. காது மட்டும் பிழைத்துக்கொண்டது. எந்த மரத்தைக் கண்டாலும் விரலை மடக்கித் தட்டிப் பார்ப்பேன். பெண் பார்க்கப் போன இடத்தில்கூட அமிர்தவள்ளியைப் பார்ப்பதற்கு முன்னால் அவள் வீட்டுக் கதவைத்தான் தட்டிப் பார்த்தேன். நல்ல பலா. உடனே சம்மதித்துவிட்டேன்.

என் சங்கீதம் எங்கிருந்து வந்தது என்று கேட்டால், ஞாயிற்றுக்கிழமைக் கீர்த்தனை பாதி, மொகரத்துக்கு அடிக்கிற தாசா மேளம் பாதி. 1924-ல் மூன்றாவதாக ஒன்று சேர்ந்தது. சாயபுவின் சரக்கை ஏற்றிவிட ஜோலார்பேட்டைக்குப் போயிருந்தேன். ஒரு ஆங்கிலோ-இந்தியச் சட்டைக்கார கார்டு, கூட்ஸ் வண்டியின் கடைசிப் பெட்டியில் கால் தொங்கப்போட்டு உட்கார்ந்து கிதார் வாசித்துக்கொண்டிருந்தார். வண்டி இரண்டு மணி நேரம் தாமதம். ரயில்வேக்கு நான் நன்றி சொன்னது அந்த ஒரு தடவைதான்.

நூலால் அளவெடுத்து வந்து வேங்கையில் ஒரு கிதார் செய்தேன். ஆட்டுக் கொட்டகையைத் தட்டின மாதிரி இருந்தது. பலாவில் செய்தேன். கொஞ்சம் வாய் திறந்தது, அவ்வளவுதான். கார்டிடம் காட்டினேன். "இன்னா மேன், மேல் பலகை சீமை தேவதாரு வேணும். பியானோ உள்ளே இருக்குமே, அது" என்றார். அந்த நல்ல மனுஷன் மேல் எந்தக் குற்றமும் இல்லை.

நம் பெண்கள் பள்ளிக்கூடத்தில் பியானோ இருந்தது. சுற்றுவட்டாரத்தில் அது ஒன்றுதான்.

மூடியின் கீல் கழன்றது என்று 1925-ல் என்னைக் கூப்பிட்டார்கள். முதுகுப் பக்கத்தைத் திறந்து அந்தப் பலகையைத் தட்டினேன். ஐயா, அதை எழுத எனக்கு வார்த்தை போதாது. தட்டி முடித்து, கீலை முடுக்கி, கருவிகளைப் பையில் போட்ட பிறகும் அது பாடிக்கொண்டிருந்தது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. இச்சியாதே என்கிற பத்தாம் கற்பனை ஞாபகம் வந்தது. ஆனால் அதில் வீடு, மனைவி, எருது, கழுதை என்றுதான் பெயர் சொல்லியிருக்கிறது. பியானோவைப் பற்றி ஒன்றுமில்லை.

அதை வாசித்தவள் ஜெபகனி டீச்சர். பள்ளிக்கூடத்து வீட்டில் கண் தெரியாத தாயாரோடு இருந்தாள். பியானோ இருக்கிறவரைக்கும் வேலை, வேலை இருக்கிறவரைக்கும் வீடு. இதை அவளே என்னிடம் சொன்னாள். "இத நல்லாப் பாத்துக்கங்க சத்யண்ணே. இதுதான் எங்க ரெண்டு பேருக்கும் சோறு" என்று சொல்லிக் காப்பி கொடுத்தாள். நல்ல காப்பி.

அந்த மாதத்திலிருந்து நான் பியானோவுக்கு வைத்தியன் ஆனேன்.

ஒரு பியானோவைக் கொல்வது சுலபம். பலகைக்குக் கீறல் விழாமல் கொல்வதுதான் கஷ்டம். வேலை தெரியாதவன் தண்ணீரை ஊற்றியிருப்பான். நான் கச்சாத் தோலுக்குப் போடுகிற உப்பைக் கரைத்து, கோழி இறகால் கம்பிகளுக்கு மட்டும் தடவினேன். கம்பியை அடிக்கிற சின்னச் சுத்திகளுக்குக் கம்பளி ஒட்டியிருப்பார்கள். அதற்கு வேறு ஆள் வைத்தேன். எங்கள் கிடங்கில் கறுப்பாக ஒரு தோல் பூச்சி உண்டு. தோல், மயிர், கம்பளி எது கிடைத்தாலும் தின்னும். பலகையைச் சீண்டாது. மாதாமாதம் பத்துப் பன்னிரண்டு பூச்சிகளை என் மூக்குப்பொடி டப்பாவில் எடுத்துப்போய் உள்ளே விட்டேன். என்னிடம் நல்ல இழைப்புளி இருக்கிறது. கிதாரின் பக்கப் பலகையைச் சூட்டில் வளைக்க, ரயில்வேயில் கழித்த இரும்புக் குழாய் ஒன்றும் இருக்கிறது. ஆனால் என் ஆயுதங்களில் எனக்கு ரொம்பப் பிரியமானது அந்த டப்பாதான்.

வீட்டிலும் சில பூச்சிகள் தப்பிவிட்டன. "இன்னாங்க இது, என் கல்யாணப் பட்டு சல்லடையாட்டம் ஆயிட்ச்சி" என்று அமிர்தவள்ளி அழுதாள். கரப்பான் என்று சொன்னேன். இந்த விஷயத்தில் எங்கள் குடும்பத்துக்கும் நஷ்டம் உண்டு என்பதைப் பள்ளிக்கூடக் கமிட்டி கவனிக்க வேண்டும்.

ஜெபகனி மாதாமாதம் முறையிட்டாள். "நேத்து வரைக்கும் பேசின கட்டை இன்னிக்கு ஊமையாயிட்டுது அண்ணே. நான் எதுனா தப்பா வாசிக்கிறனா?" உள்ளே ஒரு பூச்சியைக் கண்டுபிடித்துக் காட்டினாள். கப்பலில் பியானோவோடு வந்த சீமைப் பூச்சி என்றேன். அவள் பியானோ மேல் ராத்திரியில் போர்வை போர்த்திவைக்க ஆரம்பித்தாள். கம்பளிப் போர்வை. பூச்சிகளுக்குப் பண்டிகை.

ஒன்றரை வருஷத்தில் பாதிக் கட்டைகள் செத்துவிட்டன. கமிட்டி என்னைக் கூப்பிட்டுக் காரணம் கேட்டது. பிள்ளைகள் வேர்க்கடலை தின்றுகொண்டே வாசிக்கிறார்கள், டீச்சர் கண்டிப்பதில்லை, அதனால் பூச்சி சேர்ந்துவிட்டது என்றேன். வருத்தத்தோடுதான் சொன்னேன். நீங்களே, "சத்தியநாதன் எவ்ளோ பதமாப் பேசறான் பாருங்க" என்றீர்கள்.

பியானோவைக் கழித்துக்கட்டி என்னிடமே தள்ளிவிட்டீர்கள். ஜெபகனியை நாட்றம்பள்ளிக்குச் சின்னப் பிள்ளைகளுக்குப் பாடம் எடுக்க அனுப்பினீர்கள். பாதிச் சம்பளம், வீடு இல்லை. அவள் சாமான்களை வண்டியில் ஏற்றிக் கட்டியவன் நான். கயிறுகூட என்னுடையது. தாயார் என் கையைத் தடவி, "நீ ஒருத்தன்தாம்பா எங்களுக்கு" என்றார்கள். பெரியவர்கள் சொன்னால் மறுத்துப் பேசக் கூடாது என்று பேசாமல் இருந்துவிட்டேன்.

அந்தப் பலகையில் பிறந்த கிதாரைக் கார்டு கையில் வாங்கி ஒரு கம்பியை மீட்டினார். தொப்பியைக் கழற்றிவிட்டார். ஒரே வாரத்தில் ஜோலார்பேட்டையிலிருந்து நான்கு பேர் தங்களுக்கும் வேண்டும் என்றார்கள். தோல் ஷாப்பு வேலையை விட்டேன். வாசலில் கிதார்க் கடை என்று பெயர்ப்பலகை மாட்டினேன். எனக்கு வாசிக்கத் தெரியாது ஐயா. தட்டத்தான் தெரியும். அதனால் அந்த முதல் கிதாரை நன்றாக வாசிக்கத் தெரிந்தவளுக்கே கொடுக்க வேண்டும் என்று நாட்றம்பள்ளிக்கு எடுத்துக்கொண்டு போனேன். கெட்டவன் இப்படிச் செய்வானா என்று யோசியுங்கள்.

ஜெபகனி மடியில் வைத்து ஒரு தடவை மீட்டினாள். கண்ணை மூடிக்கொண்டாள். "இது நம்ம பியானோவாச்சே அண்ணே" என்றாள். அப்போது கிதாரின் வாயிலிருந்து ஒரு பூச்சி ஏறி வந்து அவள் விரலில் உட்கார்ந்தது.

வஜ்ஜிரமும் தோல்தானே. அது எனக்குத் தோன்றவே இல்லை. என் பசையைத் தின்றே அது உள்ளே குடும்பம் நடத்தியிருக்கிறது.

அவள் பூச்சியைத் தீப்பெட்டியில் போட்டு மூடினாள். கிதாரை என் கையில் திருப்பிக் கொடுத்தாள். அடுத்த சனிக்கிழமை ஆம்பூருக்கு வந்து தீப்பெட்டியைச் சாயபுவிடம் திறந்து காட்டினாள். "அரே, இது நம்ம கிடங்குப் பூச்சிம்மா. சீமையும் இல்ல, கப்பலும் இல்ல. இங்கேர்ந்து யாரோ எடுத்துக்கினு போயிருக்கான்" என்று சாயபு சொல்லிவிட்டார். மீதி உங்களுக்குத் தெரியும்.

நான் செய்தேன். தெரிந்தே செய்தேன். ஜெபகனியைத் திரும்ப வேலைக்கு அழைத்தது நியாயம்தான். கோலாரிலிருந்து வேறு பியானோ வாங்கியதும் நல்லதே. செவ்வாய்க்கிழமை வண்டியிலிருந்து இறக்கும்போது நானும் ஒரு கை கொடுத்தேன். யாரும் கூப்பிடவில்லை, உதவிக்குத்தான் போனேன். முதுகுப் பக்கம் லேசாகத் தட்டிப் பார்த்தேன். பழையதைவிடப் பெரிய பலகை. இரண்டு கிதார் வரும். கணக்குக்குச் சொல்கிறேன், வேறொன்றுமில்லை.

நான் மனம் திருந்திவிட்டேன் ஐயா. இந்த ஊரில் பியானோவைத் திறக்கத் தெரிந்தவன் நான் ஒருவன்தான் என்பதால், மாதம் ஒரு தடவை சும்மாவே வந்து பார்த்துவிட்டுப் போகிறேன். ஜெபகனிக்கு நான் செய்யக்கூடிய பிராயச்சித்தம் அதுதான்.

நீங்கள் என் சட்டைப் பையையே பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள். அதில் இருப்பது பொடிதான். சந்தேகமிருந்தால் எடுத்துப் பாருங்கள். மூடியை மட்டும் ரொம்பத் திறக்க வேண்டாம். வெளிச்சம் பட்டால் அதுகளுக்கு ஆகாது.