எடையில்லாத பனி

பெப்ரவரி மாதம், பொழுது சாய்கிற நேரம். றிச்மண்ட் ஹில் நகரத்துக்கு வடக்கே, ஒரு வீடுகூட இல்லாத காட்டு றோட்டு... என்னோடு வேலை செய்யும் அனோஜாவின் அத்தான் சீமோனுக்கு அங்கேதான் இது நடந்தது.

அவருக்குப் பனி அளக்கிற வேலை. நீண்ட அலுமினியக் குழாயைப் பனிக்குள் குத்தி எடுத்து, தராசில் தொங்கவிட்டு நிறுப்பார். வசந்தத்தில் எவ்வளவு தண்ணீர் வரும், அணையில் எவ்வளவு தேக்கலாம் என்பதெல்லாம் அந்த எடையை வைத்துத்தான். கணக்குப் பிழைத்தால், கீழேயுள்ள வீடுகளுக்குள் வெள்ளம்.

கூட வந்த பரணி தமிழ்நாட்டுக்காரன், வேலைக்குப் புதுசு. அளக்கும் இடங்களைக் காட்ட நட்ட கம்பங்களில், கடைசிக் கம்பத்தடிப் பனிக்கு எடையே இல்லை என்றான்.

“பஞ்சியிலை அங்கை போகாமலே விட்டிட்டாய், என்ன?” சீமோன் அவனது சோம்பலைக் கடிந்தார்.

“சத்தியமா போனேன் அண்ணே. வேணும்னா நீங்களே போய்ப் பாருங்க.”

அவனை வண்டியில் விட்டுவிட்டுப் போனார். கம்பத்தைச் சுற்றி ஒரு காலடித் தடம்கூட இல்லை. ‘புளுகன்...’

குழாயைக் குத்தி இழுத்தார். நிறையப் பனி. தராசில் மாட்டினார். முள், வெறும் குழாயின் எடையில் நின்றது.

நனைந்த கம்பளி மணம் ஒன்று எழும்பியது. முதுகுக்குப் பின்னால்... க்ரச்... க்ரச்... யாரோ றோட்டுப் பக்கம் நடந்து போனார்கள்.

“பரணி?”

தூரத்தில் வண்டிக் கதவு அடிபட்டது. எஞ்சின் உறுமியது.

ஓடி வந்தார். வண்டி இல்லை.

ஃபோன் குளிரில் செத்திருந்தது. பெருந்தெருவரை நடந்து, ஒரு பெற்றோல் நிலையத்தில் சார்ஜ் போட்டுப் பரணியை அழைத்தார்.

“என்னை ஏனடா விட்டிட்டுப் போனனீ?”

மறுமுனையில் பரணி மெதுவாகக் கேட்டான்.

“யாருங்க நீங்க? சீமோன் அண்ணனை இப்பத்தானே அவர் வீட்டு வாசல்ல இறக்கிவிட்டேன்... அவர் ஃபோன் உங்ககிட்ட எப்படி வந்துச்சு?”

வீட்டில் மனைவி அன்ரனெற் தனியாக. அழைத்தார்; எடுக்கவில்லை. டாக்ஸி பிடித்து, மில்லிக்கனில் இருக்கும் வீட்டுக்குப் பறந்தார். சாவியால் திறந்தார்; கதவு உள்சங்கிலியில் தடுத்து நின்றது. கதவைத் தட்டினார்.

அவள் சங்கிலியைக் கழற்றாமல், இடுக்கால் பார்த்தாள். முகம் வெளிறிப்போயிற்று.

“இவர்... இப்பதானே மேலை குளிக்கப் போனவர்?”

மேலே ஷவர் ஓடிக்கொண்டிருந்தது.

“அன்ரனெற், நான்தானப்பா! சங்கிலியை எடு, வெளியிலை வா!”

அவள் அசையவில்லை. அவரையே சந்தேகமாகப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

ஷவர் நின்றது.

மாடியிலிருந்து, சீமோனின் சொந்தக் குரலில்...

“ஆரப்பா அது வாசல்லை?”